வேலூர் லைன்

ஈசிஜி தாளில் ஏறி நின்ற கோட்டை ஆனந்தி இரண்டு முறை பார்த்தாள்.

நாற்பத்தேழு வயது. ஆண். மாரடைப்பு என்று சொல்ல டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பதினோரு வருடம் நர்ஸாக இருந்தாலே போதும்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஃப்ரிட்ஜில் இருந்தது. டாக்டர் சொல்லாமல் அதைப் போட முடியாது. போடக் கூடாத ஆளுக்குப் போட்டுவிட்டால் அந்த ஊசியே உயிரை எடுத்துவிடும்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டர் காலையிலேயே மலையின் அந்தப் பக்கத்துக்கு முகாமுக்குப் போய்விட்டார். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தோடு கீழே இறங்கியிருந்தது. வேலூருக்கு இறங்கும் அமிர்தி சாலையில் நேற்றைய காற்றுக்கு மரம் விழுந்து கிடந்தது. செல்போனில் சிக்னல் இல்லை.

மிச்சம் இருந்தது வேலூர் இதய டாக்டரோடு பேசும் கேபிள் லைன் ஒன்றுதான். கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வந்து சேரும் சர்வர்தான் ஊமையாகிக் கிடந்தது.

அதன் முன்னால் இளவழகன் உட்கார்ந்திருந்தான்.

சர்வர் ஒரே ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் மூன்று கணினிகள் தனித்தனியே ஓடுவதுபோல அமைத்து வைத்தது அவன்தான். நோயாளிகளின் பதிவுக்கு ஒன்று, மருந்து இருப்புக்கு ஒன்று, வேலூரோடு பேச ஒன்று. மூன்றையும் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் மூன்றுக்கும் வெளியே போக வழி வேண்டும்.

முந்தாநாள் இடியில் அந்த வழி, நெட்வொர்க் கார்டு, கருகிப்போனது. இன்று ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறி, புதிய கார்டைக் கொண்டுவந்து மாட்டினான். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு அது தெரியாது. அவை செத்துப்போன கார்டின் பெயரையே தேடிக்கொண்டிருந்தன. பெயரை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

அந்த வேலை பாதியில் நின்றபோதுதான் ஈசிஜி எடுக்க வேண்டி வந்தது.

"எவ்ளோ நேரம் ஆவும்ணா?" என்றாள் ஆனந்தி.

"பத்து நிமிஷம்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலது கையால் மட்டும், எழுத்து எழுத்தாக அடித்தான்.

புதிய கார்டின் பெயரை எழுதினான். என்டர்.

சிவப்பில் ஒரு வரி வந்தது. ஒன்பதாம் வரியில் பிழை.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். எழுத்துகள் மிதந்தன. ஒரு இடைவெளி, ஒரே ஒரு இடைவெளி குறைந்திருந்தது. சரிசெய்தான்.

முதல் கணினி பதில் சொன்னது. இரண்டாவதும் சொன்னது.

மூன்றாவது சொல்லவில்லை.

வேலூரோடு பேச வேண்டியது அதுதான்.

ஆனந்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முதலுதவியாக மாத்திரை கொடுத்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. வார்டு ஆயா மணியம்மாள் வாசலில் வந்து நின்று ஏதோ கேட்கப் போனாள். ஆனந்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

இளவழகன் கண்ணை மூடினான். எங்கே விட்டேன், எங்கே விட்டேன் என்று உதடு அசைந்தது. போன மாதம் ஒரு சோதனைக்காக மூன்றாவதை மட்டும் மற்ற இரண்டிடமிருந்து பிரித்து, தனி இணைப்பில் போட்டிருந்தான். திரும்பச் சேர்க்கவே இல்லை.

"என் தப்புதான்" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

பழைய இணைப்பைக் கழற்றினான். புதியதில் சேர்த்தான். ஒரு வரி அடிக்க மூன்று முறை தப்பாயிற்று. மூன்று முறையும் அழித்து அழித்து அடித்தான். விரல் விசையின் மேல் நின்றது.

என்டர்.

திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு நொடி. இரண்டு. மூன்று.

பதில் வந்தது. மறுபடி வந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள் இறங்கத் தொடங்கின.

ஆனந்தி ஈசிஜி தாளை ஸ்கேனரில் வைத்து அனுப்பினாள். ஒரு நிமிடத்துக்குள் பக்கத்துத் திரையில் வேலூர் டாக்டரின் முகம் தெரிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் தாளைப் பார்த்தார். வலி எப்போது ஆரம்பித்தது, ரத்த அழுத்தம் எவ்வளவு, முன்னால் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று வரிசையாகக் கேட்டார். ஆனந்தி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"ஊசிய உடனே போடுங்க. பேஷன்ட் எங்க? எனக்குக் காட்டுங்க."

ஆனந்தி கேமராவைத் திருப்பினாள்.

இளவழகன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. இடது கை மடியில் கிடந்தது. மணிக்கட்டில் ஊசி போடுவதற்கான குழாய் தயாராக ஒட்டப்பட்டிருந்தது.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த நெலமையில இவர யாரு உட்கார வெச்சது?"

"இவரு இல்லன்னா லைன் வராது டாக்டர்" என்றாள் ஆனந்தி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மணியம்மாள் வார்டிலிருந்து மெத்தையை இழுத்துவந்து சர்வர் அறைத் தரையிலேயே விரித்தாள். இருவருமாக அவனைப் படுக்க வைத்தார்கள். ஊசி ஏறியது.

முக்கால் மணி நேரம் கழித்து எடுத்த ஈசிஜியைப் பார்த்துவிட்டு, கோடு இறங்க ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். மரத்தை அறுத்தாகிவிட்டது, வண்டி மேலே வருகிறது என்றும் சொன்னார்.

இளவழகன் உதட்டை அசைத்தான். ஆனந்தி குனிந்து காதைக் கொடுத்தாள்.

"பொட்டிய யாரும் ஆஃப் பண்ணிடாதீங்கம்மா. இன்னும் சேவ் பண்ணல."