முறுகல் தோசை

சொல்லாமல் கொள்ளாமல் சமையலறை வாசலில் வந்து நின்ற மகளைப் பார்த்ததும் சதாசிவத்தின் கையில் தோசைக் கரண்டி தடுமாறியது. அம்மா போனதிலிருந்து அப்பா தனியாகத்தான் இருக்கிறார் என்று கௌசல்யா நினைத்திருந்தாள். பல் கொட்டிய பிறகு மெத்தென்ற ஊத்தப்பம்தான் அவருக்கு இறங்கும். கல்லிலோ காகிதம் போல ஒரு தோசை பொன்னிறமாக முறுகிக்கொண்டிருந்தது.

"யாருக்குப்பா இது?"

"உனக்குத்தாம்மா."

"நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அடுப்பைத் தணித்தார். கௌசல்யாவின் கண்கள் சமையலறையைத் துழாவின. அம்மாவின் இரும்புக் கல் ஓரமாகச் சாத்தப்பட்டிருந்தது. அடுப்பில் இருந்தது புது நான்ஸ்டிக். அப்பா வாடையே ஆகாது என்று ஒதுக்கும் பூண்டுப் பொடி, எண்ணெய் விட்டுக் குழைத்துத் தயாராக இருந்தது.

பின்பக்கம் வளையல் சத்தம் கேட்டது. சட்டென்று நின்றுவிட்டது.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கௌசல்யா அவரிடமிருந்து கரண்டியை வாங்கி, தோசையை உடையாமல் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"ஆறினா நமத்துப் போயிடும்ப்பா," என்றாள். "அவங்களக் கூப்பிடுங்க."