சிறப்புப் பேச்சாளரின் பெயரட்டை

ஏலகிரி வானியல் மாநாட்டு ஏற்பாடு முழுவதும் தேமொழியின் தலையில். பெயரட்டைகள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உச்சி வெயில்லயும் சனி வளையம் தெரியுது, தேமு!" என்றான் ஜன்னலோரம் நின்ற கணவன் வழுதி. தொலைநோக்கி போல வானத்தைக் காட்டும் செயற்கைக் கண் பொருத்திய மூன்று மாதமாக இதே பாட்டு. இருபது வருடம் தொலைநோக்கியே கதியென்று கிடந்தவள் அவள். குலுக்கலில் கண் கிடைத்தது அவனுக்கு. சிறப்புப் பேச்சாளரும் அவனே. அவளுக்கு வயிறு எரிந்தது.

அவன் அட்டையில் வேண்டுமென்றே 'பந்தி பரிமாறுபவர்' என்று எழுதி நீட்டிவிட்டு, சண்டைக்குத் தயாராக நின்றாள்.

அவன் அதைப் பார்த்துவிட்டுச் சட்டையில் குத்திக்கொண்டான். "அழகா எழுதியிருக்க."

அவளுக்குத் திக்கென்றது. "என்ன எழுதியிருக்கேன்?"

அவன் விரல் அட்டையின் மேல் எழுத்தைத் தேடியது.

"சரி, நான் இப்ப சிரிக்கிறேனா, அழுறேனா?"

கைநீட்டி அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்த பிறகுதான் சொன்னான்: "அழுற. கிட்ட இருக்கறது எதுவும் தெரியல, தேமு."