நத்தைக்கு வழி

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரக் கோவில் வாசலில் புதுக் காருக்குப் பூசை முடிந்தது. சில்லுகளுக்கடியில் எலுமிச்சம்பழங்கள் வைத்தாயிற்று. பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று, இப்போது எல்லோரும் விரும்பும் உயரமான குட்டி எஸ்யூவியாகவே விஜயரத்தினம் வாங்கியிருந்தார்.

"காரை எடுங்கோவன், ராகுகாலம் தொடங்கப்போகுது!" பக்கத்து இருக்கையிலிருந்து மனைவி இராஜேஸ்வரி அவசரப்படுத்தினாள்.

"ஏறேக்கை முன்சில்லடியிலை ஒரு நத்தையைக் கண்டனான். தூக்கி விட்டிட்டு வாறன்."

"நத்தைக்காக நல்ல நேரத்தை விடுறியளோ? ஏதும் நடந்தால்? எனக்குப் பயமாக் கிடக்கு."

இறங்கிப்போய்க் குனிந்தவர் நிமிரவேயில்லை. அவள் பதறி ஓடினாள்.

கோவிலுக்குள் சித்தியோடு நிற்பதாக நினைத்திருந்த மூன்று வயது மகள் யதுசா, இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, உயர்ந்த பானட்டின் முன்னால் குந்தியிருந்தாள்.

"அம்மா, நத்தை நித்திரை. எழுப்பாதேங்கோ."

ராகுகாலம் தொடங்கியிருந்தது. பிள்ளையை இறுக்கி அணைத்தபடி இராஜேஸ்வரி அந்த நத்தையைக் கும்பிட்டாள்.