ஆணைக்குக் கீழே நான்கு வரி

அரசரின் ஆணையை உரக்கப் படித்து முடிக்கிறேன். தளபதி செருமிக்கொண்டே எழுந்து போகிறார். தலைநகர் ஹத்துசாவிலிருந்து வந்த களிமண் பலகையில் ஆணை முடிந்த இடத்தில் கோடு கிழித்து, கீழே நான்கு வரி இருக்கிறது. ஆணைக்கு அடியில் சொந்தச் செய்தி சேர்ப்பது, எங்களைப் போன்ற எழுத்தர்கள் எல்லாரும் செய்வதுதான். அங்கே இதை எழுதியவன் என் தோழன் பியசிதி. வாசலில், மாவு ஒட்டிய கையோடு, அவன் மனைவி குவத்தலா நிற்கிறாள். "எழுதியிருக்காரா அண்ணே?" "எழுதாம இருப்பானா? அரசருக்கே இடம் பத்தல." நம் நேசா மொழியில் படிக்கிறேன்: வீட்டில் எல்லாரும் நலமா, குவத்தலா நலமா, தெய்வங்கள் அவளைக் காக்கட்டும். மூன்றாம் முறையும் படிக்கச் சொல்கிறாள். சாய்வெயில் எழுத்துக் குழிகளில் நிழலை நிரப்புகிறது. ஓரத்தில், ஈரமண்ணில் அவன் அழுத்திப் பிடித்த பெருவிரல் தடம் காய்ந்து கிடக்கிறது. அதில் தன் விரலை வைக்கிறாள். தடம் பெரிது, விரல் சிறிது. "இந்த ஓரத்த மட்டும் உடைச்சுக் குடுங்கண்ணே." "அரசர் ஆணைம்மா. துணுக்கு பேர்ந்தாலும் என் தலை போயிடும்." அவள் விரலை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவள் போனதும், மேல்தட்டில் ஏற்றவேண்டிய பலகையைக் கதவோரக் கீழ்த்தட்டில் வைக்கிறேன், விரல் தடம் வாசலைப் பார்த்திருக்கும்படி.