பதினேழாம் எண் வீட்டுத் துளசி

காலனியார் பங்கு போட்டு வளர்க்கும் தேனீப் பெட்டிகளிலிருந்து வரும் தேன் பாட்டிலில், எந்த வீட்டுப் பூ எத்தனை சதவீதம் என்று இந்த மாதம் முதல் அச்சிட்டு வந்தது. ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் மாடசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் வரியில் அவர் வீட்டு முருங்கை, நாற்பத்தொன்று. அடுத்த வரியில் பதினேழாம் எண் வீட்டுத் துளசி, முப்பத்தெட்டு.

அது அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் பொன்மலரின் வீடு. அங்கிருந்து ஒரு துரும்புகூட வாங்க மாட்டேன் என்று தெரு கேட்கச் சொல்லியிருந்தார்.

“இதுல அவ வீட்டுத நீக்கிட்டுக் குடு” என்று பாட்டிலை நீட்டினார்.

கொண்டுவந்த ரோசம்மாள் சிரித்துவிட்டாள். “ரெண்டு வருசமா வழிச்சு நக்கினீங்களே அண்ணாச்சி, அப்ப மட்டும் அவ பூ இல்லாமலா இருந்துச்சு?”

அவர் அந்த வரியை நகத்தால் சுரண்டினார்.

“அவளும் படிச்சா. படிச்சிட்டு அழுதா. பொறந்தப்ப தாத்தா கையால நாக்குல இனிப்பு தொட்டுச் சேனை வைக்கக் கொடுத்து வைக்கல, அவரு வீட்டுப் பூவாவது பிள்ள நாக்குல படட்டும்னா. குளிப்பாட்டிட்டு இந்தத் தேன வைக்கப் போறா.”

“கூறுகெட்டவ! நாலு மாசப் பிள்ளைக்குத் தேன் ஆகாதுன்னு ஊர் ஊராச் சொல்லிட்டு வந்தவன் நான்!”

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பதினேழாம் எண் வீட்டுக்குள் நுழைந்து, மகள் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கிய பிறகுதான் மூச்சு வாங்கினார். பொன்மலர் விழித்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு வயசு முடியட்டும்” என்றார். “நானே வந்து வைக்கிறேன்.”