சுவருக்கு ஒரு முகம்

"தோட்டைக் கழட்டிருங்கக்கா. அந்தச் செயினையும்தான்" என்றான் மெர்வின்.

ராமக்காள் இரண்டையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வளையலையும் கழற்றட்டுமா என்று அவளாகவே கேட்டாள். கண்ணாடி வளையல் இருந்துவிட்டுப் போகட்டும், ஏழைக்கு அது எடுப்பாக இருக்கும் என்று மெர்வின் பெரிய மனசு பண்ணினான்.

வழிப்பறி இல்லை, போட்டோ. நாகமலை புதுக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை மெர்வினின் காப்பிக் கடைக்குத் திறப்பு விழா. நடுவில் தரகர் இல்லாமல், விவசாயியிடமே நியாய விலை கொடுத்து வாங்கிய 'ஃபேர் டிரேட்' காப்பி என்று போர்டு எழுதி மாட்டியாகிவிட்டது. விவசாயிதான் இன்னும் கிடைக்கவில்லை.

சிம்மக்கல்லில் அப்பா நடத்திய மளிகைக் கடையை அடமானம் வைத்து முதல் போட்ட கடை அது. ஏதாவது ஒரு விவசாயிகள் சங்கம் முத்திரை குத்திக் கடிதம் கொடுக்காவிட்டால் போர்டை இறக்க வேண்டும். போர்டை இறக்கினால் நூற்றெண்பது ரூபாய்க் காப்பி மறுநாளே பதினைந்து ரூபாய்க் காப்பியாகிவிடும். அதனால்தான் சிநேகிதன் ராஜபாண்டியைக் கேமராவோடு ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டிப் பக்கம் வந்திருந்தான்.

சிறுமலைப் பனியில் காப்பிப் பழம் லேசில் காயாது. இருபது குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து, மலையடிவாரத்தில் களம் போட்டு, பழத்தைக் கீழே இறக்கிக் காயவைக்கிறார்கள். அந்தச் சங்கத்துக்கு ராமக்காள்தான் தலைவி. வாசலில் சொந்த ஜீப், கையில் பெரிய போன், கசங்காத சேலை. இவளைப் பார்த்து எவனுக்கு இரக்கம் வரும் என்று மெர்வினுக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்கு முன்பே வாசலில் ஒரு எரிச்சல். சரண்யாதேவி என்று சங்கத்தின் கணக்குக்காரி ஒருத்தி, கண்ணாடியும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு, '4' என்று போட்ட சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"காருக்கு டோக்கனாம் மாப்ள. நம்ம வண்டிய ஆடு மேஞ்சிரும்னு காவல் காக்குறாங்க" என்று ராஜபாண்டியிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, சீட்டைச் சட்டைப் பையில் திணித்தான். கோயம்புத்தூர் நம்பர் போட்ட கார் ஒன்று அப்போதுதான் வெளியே போனது. ஓட்டிப்போனவன் முகத்தில் ஈயாடவில்லை. பேரம் பேசத் தெரியாத பயல் என்று மெர்வின் அவனுக்குத் தீர்ப்பு எழுதினான்.

பேரம் எப்படிப் பேசுவது என்று இவன் காட்டினான். களத்துக் காப்பிக் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மோந்தான். மக்கல் வாடை அடிப்பதாக மூக்கைச் சுளித்தான். கேரளாவில் நேற்றே விலை படுத்துவிட்டதாகவும், மனசு கேட்காமல்தான் வந்திருப்பதாகவும் சொன்னான். கடைசியில், ஊர் விலைக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டான்.

"ஃபேர் டிரேட்னா கூட்டித் தருவாங்கன்னு சொன்னாங்களே தம்பி" என்றாள் ராமக்காள்.

"அது பழைய முறைக்கா. இப்ப மரியாதையத்தான் கூட்டித் தர்றது. எங்க கடைச் சுவத்துல உங்க முகம் ஆறடிக்கு நிக்கும்."

அந்த மரியாதைக்குத் தலையாட்டுகிறவளைப் போலத் தலையாட்டினாள். வாசலிலிருந்து எழுந்து வந்து பின்னால் நின்ற சரண்யாதேவி நோட்டில் ஏதோ எழுதினாள். சங்கத்துக்காரிகள் தும்மினாலும் எழுதி வைப்பார்கள் என்று மெர்வின் அதைச் சட்டை செய்யவில்லை.

ஜீப் படத்தில் விழாமல் சாக்கை அடுக்கச் சொன்னான். களத்துக் கொடியில் கிடந்த பழஞ்சேலையைக் காட்டி, அதைச் சுற்றிக்கொண்டு வரச் சொன்னான். செருப்பு ஆகாது, போன் கூடவே கூடாது. மலையைப் பார்க்க வேண்டும். முகத்தில் கொஞ்சம் ஏக்கம் வேண்டும், ஆனால் அழுதுவிடக் கூடாது. ராமக்காள் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்தாள். சொன்னபடி கேட்கத் தெரிந்த ஜனம் என்று மெர்வின் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டான்.

ஏக்கத்தைக் கலைக்காமலே அவள் கேட்டாள். "உங்க கடையில ஒரு டம்ளர் எம்புட்டு?"

"நூத்தி எண்பது" என்று பெருமையில் உளறிவிட்டான்.

"ஒரு கிலோவுல எத்தனை டம்ளர் போடுவீக?"

எழுபது போடலாம். "முப்பது தேறுனாப் பெருசுக்கா" என்றான்.

"அதுல எங்களுக்கு எம்புட்டு வரும்?"

"அம்புட்டுக் கணக்கு உங்களுக்கு எதுக்கு? தலைதான் வலிக்கும்."

சரண்யாதேவி அதையும் எழுதிக்கொண்டாள். வெளியே வேறொரு கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

படம் எடுத்து முடித்ததும் ராமக்காள் உள்ளே போய்த் தன் சேலைக்கு மாறி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தோடாக, அவசரமே இல்லாமல் போட்டுக்கொண்டாள். மெர்வின் தயாராக அடித்துக் கொண்டுவந்திருந்த கடிதத்தை அவள் முன்னால் வைத்துப் பேனாவையும் திறந்து நீட்டினான். ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. அதோடு கிளம்பிவிடுவோம் என்றான்.

இங்கிலீஷில் இருந்த கடிதத்தை அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பார்த்தாள். படிக்கிற மாதிரி என்னமாய் நடிக்கிறாள் என்று மெர்வின் ராஜபாண்டிக்குக் கண்ணைக் காட்டினான்.

ராமக்காள் கடிதத்தை நாலாக மடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். வாசலில் கொடுத்த சீட்டைக் கேட்டு வாங்கினாள். அவன் நீட்டிக்கொண்டிருந்த பேனாவாலேயே அதில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, சரண்யாதேவியிடம் தந்தாள்.

"அஞ்சாம் நம்பர் ஆளை உள்ள வரச் சொல்லு."