திக்கி வாசித்தவள்

தூதா மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

பிள்ளைகள் 'உஸ்தாதா' என்று அழைக்கும் டீச்சர் லத்தீஃபா காத்திருந்தாள். மதிய இடைவேளை. மற்ற பிள்ளைகள் பனியில் கத்திக்கொண்டிருந்தார்கள். வகுப்பறையில் டீச்சரும் தூதாவும் மட்டும். அடுப்பில் ஈர விறகு புகைந்தது.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வது அவள் வழக்கம். மதிப்பெண் கிடையாது. எந்த எழுத்தில் இடறுகிறது என்று தெரிந்தால்தான் மறுநாள் பாடத்தை எங்கே தொடங்குவது என்று தெரியும்.

அந்த மலைப் பள்ளியில் மந்தம் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள்கூட இந்தக் குளிர்காலத்தில் ஒரு படி ஏறிவிட்டார்கள். தூதா மட்டும் ஏறவில்லை.

எழுத்தட்டை, பாட்டு, மணலில் விரல்விட்டு எழுதுவது, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. கோளாறு தன் கற்பித்தலில்தான் என்று லத்தீஃபாவின் மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

இன்று புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, தானே ஒரு குட்டிக் கதை எழுதிக் கொண்டுவந்திருந்தாள். கழுதை ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறது. பக்கத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரி. அவரைப் பார்த்து, 'உங்களையும் பெயிலாக்கிட்டாங்களா?' என்று கேட்கிறது.

"க... கழு... கழுதை... ப..."

தூதாவின் உதட்டோரம் துடித்தது. கன்னத்தை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது.

வாய் முதல் வரியைத் தாண்டவில்லை. கண் கடைசி வரி வரை போய்த் திரும்பியிருந்தது.

லத்தீஃபா தாளை மெல்ல இழுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"எப்பலேர்ந்து உனக்குப் படிக்க வருது?"

அந்தப் பெண் அடுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"வாப்பாதான் இப்படிப் படிக்கச் சொன்னாரு, உஸ்தாதா."

பள்ளி விட்டதும் லத்தீஃபா மதிலோரம் போனாள். மகளை அழைத்துப்போக தூதாவின் வாப்பா ஹத்து கோவேறு கழுதையைப் பிடித்தபடி நின்றிருந்தான். பெண் பிள்ளையை மக்காக்கி வீட்டோடு அடைக்கப் பார்க்கிற தகப்பன்களை அவளுக்குத் தெரியும். கோபத்தை அடக்க அவள் முயலவில்லை.

"உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா. தெரியாத மாதிரி நடிக்கச் சொன்னீங்களாமே. பெத்த பிள்ளைக்கு யாராவது இப்படிச் செய்வாங்களா?"

"மெதுவாப் பேசுங்க, உஸ்தாதா." அவன் மதிலுக்கு அப்பால் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "மெக்னெஸ் டவுன்ல என் தங்கச்சி இருக்கா. போன தடவை வந்தப்ப மூத்தவ இஸ்ஸாவை வாசிக்கச் சொன்னா. இஸ்ஸா கடகடன்னு வாசிச்சா. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. டவுன்ல பெரிய பள்ளிக்கூடத்துல சேர்க்கிறேன்னு அன்னிக்கே கூட்டிட்டுப் போயிட்டா."

லத்தீஃபாவுக்குப் புரியத் தொடங்கியது.

"பெருநாளைக்கு வந்தப்ப இஸ்ஸா கையைச் சட்டைக்குள்ளயே வெச்சிருந்தா. சாப்பிட உட்கார்ந்தப்பதான் பார்த்தோம். சோப்புத் தண்ணியில வெந்து கிடக்கு. பள்ளிக்கூடத்துல சேர்க்கவே இல்ல, வீட்டு வேலைதான். இப்ப தங்கச்சியோட மாமியாக்காரி படுக்கையில விழுந்துட்டாளாம். ராவும் பகலும் பக்கத்துலயே இருந்து, மருந்துப் பேரைப் படிச்சுக் குடுக்க இன்னொருத்தி வேணுமாம். தூதா மக்குன்னு தெரிஞ்சா தொட மாட்டா."

"புகார் குடுக்கலாமே. சட்டம் இருக்கு."

"குடுக்கலாம். நான் உழுற நிலமும் இருக்கிற வீடும் அவ பேர்ல." அவன் கயிற்றைக் கையில் சுற்றினான். "இஸ்ஸாவும் அவ வீட்ல."

தூதா வாசலில் நின்று தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹத்து குரலை இன்னும் தாழ்த்தினான்.

"தங்கச்சி வியாழக்கிழமை வர்றா, இவளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பா. எனக்கு எழுத்து தெரியாது, உஸ்தாதா. இவ தப்பாப் படிக்கிறது நம்புற மாதிரி இருக்கா இல்லையான்னு எனக்கு விளங்கல. அவ படிச்சவ. நீங்களே இன்னிக்குக் கண்டுபிடிச்சுட்டீங்க."

மேற்கொண்டு அவன் எதுவும் கேட்கவில்லை. மகளைத் தூக்கிக் கோவேறு கழுதை மேல் உட்காரவைத்தான். பனிச்சரிவில் இருவரும் இறங்கி மறையும்வரை லத்தீஃபா அங்கேயே நின்றாள்.

மறுநாள் மதியம் அவள் மறுபடியும் தூதாவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அதே தாளை விரித்தாள். கதவைச் சாத்தினாள்.

"வாசி."

தூதா வழக்கம்போல் திக்கினாள். லத்தீஃபா இடைமறித்தாள்.

"தெரியாதவங்க இவ்வளவு ஒழுங்காத் திக்க மாட்டாங்க. முதல் எழுத்தைப் பார்த்துட்டு, தெரிஞ்ச வார்த்தை ஒண்ணை அடிச்சு விடுவாங்க. கழுதைன்னு இருந்தா, நீ கழனின்னு சொல்லணும்."

பேசுவது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் மேலே சொன்னாள்.

"அப்புறம், நீ தாளையே பார்க்கிறே. படிக்கத் தெரியாத பிள்ளை எழுத்தைப் பார்க்காது. சொன்னது சரியா தப்பான்னு, கேட்கிறவங்க முகத்தைத்தான் பார்க்கும்."

தூதா தலையாட்டினாள். விரலைச் சொல்லின்மேல் வைத்தாள்.

"கழனி," என்றாள்.

நிமிர்ந்து, எதுவுமே தெரியாத பிள்ளையின் கண்களோடு டீச்சரின் முகத்தைத் தேடினாள்.

லத்தீஃபா தாளை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"சரியா இருக்கு," என்றாள். "இன்னொரு தடவை."